அடம்பன் கொடியைச் சரியாக அடையாளம் காண்பது எப்படி? மலையிலிருந்து கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு." மே தின மேடையில் இதைச் சொல்லாமல் இறங்கிய தொழிற்சங்கப் பேச்சாளரை நான் கண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்து பழமொழி எழுதச் சொன்னால் அதில் ஒன்று கட்டாயம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எங்களில் எத்தனை பேர் அந்தக் கொடியைக் கண்ணால் கண்டிருக்கிறோம்?

நான் கண்டிருப்பதாகவே முப்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். தேயிலை மலைக்குள் தண்ணீர் வடியும் கான் ஓரமாக, வேலிக் கம்பியெல்லாம் சுற்றிக்கொண்டு, நீலமும் ஊதாவும் கலந்த பூவாகப் பூக்குமே, அதுதான் அடம்பன் என்று அக்கா மகளுக்குக் காட்டியும் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்து ஒப்படைக்குப் படம் வரைந்தாள். அதற்குச் சரி போட்டுத் திருப்பியும் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஒரு தடவை திருகோணமலைக்குப் போய், உண்மையான அடம்பனை மிதித்துக்கொண்டு நின்றபோதுதான் என் பிழை விளங்கியது. 4,000 அடி உயரத்தில் அடம்பன் வளராது. அது கடற்கரை மணலின் செடி.

ஹட்டனிலிருந்து திருகோணமலைக்கு ஏறக்குறைய 250 கிலோமீற்றர். ஒரு சந்தேகம் வந்தால் நாளைக் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்கிற தூரம் அல்ல. அதனால் அங்கே கிடைக்கும் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் பார்த்து, படம் எடுத்து, எழுதிக்கொண்டு வந்துவிட வேண்டும். அதற்கான வழிதான் இது.

வீட்டிலேயே ஒரு ஒத்திகை

போவதற்கு ஒரு வாரம் முன்பு, லயத்துக்குப் பின்னால் உள்ள மரக்கறித் தோட்டத்தில் வத்தாளைக் கொடி இருக்கிறதா என்று பாருங்கள். கிழங்குக்காக நாம் நடும் வத்தாளையும் கடற்கரை அடம்பனும் ஒரே பேரினம். இரண்டுக்கும் அறிவியல் பெயரின் முதற்பாதி இபோமியா. ஒன்று விட்ட சகோதரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வத்தாளை இலை ஒன்றைக் காம்போடு கிள்ளுங்கள். கிள்ளிய இடத்தில் வெள்ளைப் பால் துளிர்க்கும். இலையைத் திருப்பி, காம்பு இலையோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய இரண்டு புள்ளிகள் தெரியும். அவை தேன் சுரப்பிகள். எறும்பு வந்து போகும். கொடி பூத்திருந்தால் இன்னும் நல்லது. விரியாத மொட்டைப் பாருங்கள், மடக்கிய குடையைச் சுற்றி முறுக்கியது போல இருக்கும். விரிந்த பூவில் இதழ்கள் தனித்தனியாக இல்லை, எல்லாம் ஒட்டி ஒரே புனலாகிவிட்டது. நடுவிலிருந்து விளிம்பு வரை ஐந்து பட்டைகள் நட்சத்திரம் போல ஓடும்.

பால், சுரப்பி, முறுக்கிய மொட்டு, ஐந்து பட்டைப் புனல். இந்த நான்கும் கண்ணுக்குப் பழகிவிட்டால் கடற்கரையில் பாதி வேலை முடிந்தது.

பையில் என்ன, எத்தனை மணிக்கு

ஒரு அடிமட்டம், சிறிய கொப்பி, பென்சில், பழைய வீரகேசரியோ தினகரனோ இரண்டு தாள். பேனா வேண்டாம், ஈரக்கை பட்டால் மை ஊறிவிடும். தொலைபேசியில் கமரா இடத்தைப் பதியும் வசதியை வீட்டிலேயே போட்டு வையுங்கள். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன், அதில் எனக்கு ஒரு அவமானக் கதை இருக்கிறது.

நேரம்தான் முக்கியம். நம் ஆட்கள் திருகோணமலைக்குப் போகும் முறை எல்லோருக்கும் தெரியும். இரவு வேன் பிடித்து, விடியற்காலையில் கன்னியா வெந்நீரூற்றில் குளித்து, கோணேசர் கோயிலில் கும்பிட்டு, எங்காவது நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்து, கடைசியாக மூன்று மணிக்குத்தான் கடற்கரை. அடம்பன் பூ காலையில் விரிந்து, அன்று பிற்பகலுக்குள் வாடிவிடும். மூன்று மணிக்குப் போனால் சுருண்டு கிடக்கும் பூவைத்தான் பார்ப்பீர்கள். முதல் தடவை எனக்கு நடந்தது அதுதான். வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வெள்ளனவே வந்திருக்க வேணும் தம்பி. வெயில் ஏறினா இது சுருண்டு போயிரும்."

"நாங்க மலையில இருந்து வாறோம் ஐயா. இதைப் படத்துலகூடப் பார்த்ததில்ல."

"அப்ப நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாங்க."

அன்றிரவே வேன் திரும்பியது. ஆகவே வேன்காரரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: முதலில் கடற்கரை, அப்புறம் கன்னியா, அப்புறம் கோயில்.

திருகோணமலைதான் வேண்டும் என்றில்லை. பதுளைப் பக்கத்தினர் மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு இறங்கலாம். மட்டக்களப்பில் கல்லடியும் பாசிக்குடாவும் இருக்கின்றன. நீர்கொழும்பிலும் மணல் உண்டு. தீவைச் சுற்றி மணற்கரை இருக்கும் இடமெல்லாம் இந்தக் கொடியைத் தேடலாம். கிழக்குக் கரைக்குப் போவதானால் நவம்பர் முதல் ஜனவரி வரை தவிர்த்துவிடுங்கள். வாடைக்காற்று மழையில் பூவைப் பார்ப்பதை விட்டு ஒதுங்க இடம் தேடவேண்டி வரும்.

படி 1: பூவிடம் ஓடாதீர்கள், நிற்கும் இடத்தைப் பாருங்கள்

தூரத்தில் ஊதாநிறம் தெரிந்ததும் கால் தானாக அந்தப் பக்கம் போகும். கொஞ்சம் பொறுங்கள். அலை கடைசியாக வந்து நனைத்த கோட்டில் நின்று, கரைப்பக்கம் திரும்பிப் பாருங்கள். முதலில் வெறும் மணல். அதற்குப் பிறகு வரும் முதல் பச்சையில்தான் அடம்பன் இருக்கும். அதே இடத்தில் ஊசி ஊசியாய்ப் பந்துபோல உருளும் ஒரு புல்லும் நிற்கும். அதற்கு இராவணன் மீசை என்று பெயர், தொட்டால் குத்தும். அதற்கும் பின்னால்தான் தாழை, எருக்கலை போன்ற புதர்கள். அப்புறம் பூவரசு, தென்னை.

இந்த வரிசையில் முதல் இடம் அடம்பனுக்குக் கிடைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. உப்புத் தூறல், கொதிக்கும் மணல், நிலையில்லாத தரை மூன்றையும் அது தாங்கும். கொப்பியில் இப்படி எழுதுங்கள்: அலைக் கோட்டிலிருந்து எத்தனை எட்டு, மணலா மண்ணா, பக்கத்தில் நிற்கும் செடி எது. நீங்கள் பார்க்கும் கொடி வேலியில் ஏறி, வீட்டுத் தோட்டத்துச் செம்மண்ணில் நின்றால் சந்தேகப்படத் தொடங்கலாம்.

படி 2: கொடியின் நடை

ஒரு கொடியின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து போங்கள். பிடுங்க வேண்டாம், கண்ணால் மட்டும். கான் ஓரத்து நீலப்பூக் கொடி எதையாவது சுற்றி மேலே ஏறப் பார்க்கும். அடம்பன் சுற்றுவதில்லை. தரையோடு தரையாக மீற்றர் கணக்கில் நீண்டு ஓடும். ஓடும் வழியில் கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு கணுவின் பக்கத்து மணலை விரலால் மெல்ல விலக்கினால் வெள்ளை வேர் தெரியும். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

இதைப் பார்த்த பிறகுதான் பழமொழி எனக்கு உண்மையில் விளங்கியது. ஒற்றைக் கொடியை ஒரு சிறுபிள்ளைகூட மணலிலிருந்து உருவி எடுக்கும். பத்துக் கொடி குறுக்கும் மறுக்குமாக ஓடி ஒவ்வொன்றும் கணுதோறும் வேர் பிடித்திருக்கும் இடத்தில், ஒன்றை இழுத்துப் பாருங்கள். மணல் மேடே சேர்ந்து அசையும். காற்று கொண்டுவரும் மணல் அந்த வலையில் தங்கி, மேடு இன்னும் உயரும். மே தினப் பேச்சாளர்களை ஒரு நாள் இங்கே கூட்டிவர வேண்டும்.

படி 3: இலை

மிகக் குறைந்த நேரத்தில் மிக அதிகம் சொல்வது இலைதான். பூ இல்லாத நாளிலும் இலை இருக்கும்.

நுனியில் நடுவே பிளந்து, இரண்டு வட்டமான மடல்களாக இருக்கும். மந்தாரை இலையைப் பார்த்தவர்களுக்கு அந்த வடிவம் உடனே பிடிபடும். ஆனால் மந்தாரை மரம், அதன் இலை மெல்லியது. அடம்பன் இலை தடித்து, தோல்போல, வழவழப்பாக, ஒரு மயிர்கூட இல்லாமல் இருக்கும். சுமார் 4 முதல் 9 சென்ரிமீற்றர் நீளம். அகலமும் கிட்டத்தட்ட அதே அளவு, சில சமயம் நீளத்தைவிட அகலமே கூடும். நீண்ட காம்பில் நிமிர்ந்து நிற்கும்.

பிளவு எல்லா இலையிலும் ஒரே ஆழமாக இருக்காது. ஒரு கொடியில் வெறும் பள்ளமாகத் தெரியும், இன்னொன்றில் பாதிவரை கிழிந்திருக்கும். கொடி நுனியில் உள்ள குருத்து இலைகள் நடு நரம்போடு மடிந்து கிடப்பதால் பிளவே தெரியாது. ஆகவே நுனியிலிருந்து ஐந்தாறு இலை தள்ளி, முற்றியதைப் பாருங்கள்.

இந்த இலையை எதற்கு ஒப்பிடுவது என்பதில் ஒரு சுவாரசியம். நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் இதை அடும்பு என்றார்கள், இலையை மானின் குளம்புக்கு ஒப்பிட்டார்கள். ஐரோப்பியர் வைத்த பெயரில் உள்ள பெஸ்-கேப்ரே என்பது லத்தீனில் ஆட்டின் பாதம். மான் குளம்பை நான் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் மழைநாளில் லயத்து வாசல் சேற்றில் ஆடு நடந்து போன தடத்தைப் பார்த்து வளர்ந்தவன். அதனால் என் ஓட்டு ஆட்டுக்குத்தான்.

இப்போது வீட்டில் செய்த ஒத்திகையை இங்கே செய்யுங்கள். ஒரு இலையைக் கிள்ளினால் பால் வர வேண்டும். காம்பும் இலையும் சேரும் இடத்தில் இரண்டு சுரப்பிகள் இருக்க வேண்டும். கொடியில் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி வர வேண்டும், சோடி சோடியாக எதிரெதிரே வரக்கூடாது. பால் பட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள்.

படி 4: பூ

இனிப் பூவுக்கு வரலாம். இளஞ்சிவப்பிலிருந்து ஊதா வரை, தொண்டைப் பகுதியில் நிறம் இன்னும் அடர்ந்திருக்கும். பூ சுமார் 5 சென்ரிமீற்றர். அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். அடிமட்டத்தை மறந்துவிட்டால் பத்து ரூபாய்க் குற்றியும் போதும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், என்னைக் கவிழ்த்தது அதுதான். அதிகாலைப் பூவுக்கு ஒரு நிறம், பத்து மணிப் பூவுக்கு இன்னொரு நிறம். கமரா அதை வேறொன்றாக மாற்றிவிடும். புனல் வடிவம், ஐந்து பட்டை, முறுக்கிய மொட்டு, பூக்காம்பு இலைக் கக்கத்திலிருந்து புறப்படுவது, இவை மாறுவதில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் ஐந்து மகரந்தக் கேசரங்களும், நடுவில் இரண்டு உருண்டையாகப் பிரிந்த சூல்முடியும் தெரியும்.

படி 5: காய்

பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பழைய கொடியில் தேடினால் காய்ந்த, கபில நிற உருண்டை கிடைக்கும், குறுக்கே ஒன்றரை சென்ரிமீற்றர் அளவில். உடைந்தால் உள்ளே நான்கு விதைகள், மேலெல்லாம் கபில நிற மயிர். இந்த விதை கடல் நீரில் மிதக்கும், மிதந்தபின்னும் முளைக்கும். உலகின் வெப்ப மண்டலக் கரைகள் எங்கும் இந்தக் கொடி பரவியிருப்பது அப்படித்தான். மலையேறி நம்மிடம் வராததற்கும் இதிலேயே பாதிக் காரணம் இருக்கிறது.

படி 6: இது இல்லையென்றால் வேறு எது?

அடையாளம் காண்பதில் பாதி, மற்றவற்றைக் கழிப்பது. அதே மணலில் உங்களைக் குழப்பக்கூடியவை சில உண்டு.

முதல் எதிரி கடற்கரை அவரை. அதுவும் தரையில் ஓடும், பூவும் இளஞ்சிவப்பு ஊதா, இலையும் தடிப்பம். அதன் இலை மூன்று சிற்றிலைகளாகச் சேர்ந்தது. ஒவ்வொரு சிற்றிலையின் நுனியிலும் சின்னப் பள்ளம் இருக்கும். அவசரத்தில் ஒரு சிற்றிலையை மட்டும் பார்த்தால் அடம்பன் என்றே தோன்றும். காம்பின் அடிவரை விரலை ஓட்டி, ஒன்றா மூன்றா என்று எண்ணுங்கள். பூ புனல் அல்ல, அவரைப் பூ. காயும் தடித்த அவரைக் காய். இதே போல மூன்று சிற்றிலையோடு மஞ்சள் பூ இருந்தால் அது பயற்றினத்துக் கடற்கரைக் கொடி.

மணலோடு ஒட்டி, சிறிய தடித்த இலைகள் எதிரெதிரே அமைந்து, நான்கு இதழோடு வெளிறிய ஊதாப் பூ வைத்திருப்பது காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு படர்செடி. இலை சோடியாக இருப்பதிலேயே அது கழிந்துவிடும். களப்பு ஓரத்தில் சாறு நிறைந்த ஒடுங்கிய இலையும் இளஞ்சிவப்பு நட்சத்திரப் பூவுமாக இருந்தால், அது வங்காரவள்ளை.

அடம்பனின் நெருங்கிய உறவிலும் ஒன்று கடற்கரையில் உண்டு. இதய வடிவ இலை, வெள்ளைப் பூ, இரவில் விரியும். அதில் பாலும் வரும், மொட்டும் முறுக்கும், ஆனால் இலையில் பிளவு இல்லை.

அப்புறம் நம் ஊர்க்காரர்கள். கான் ஓரத்து நீலப்பூக் கொடி இபோமியா இண்டிகா. இலை இதயம் போல அல்லது மூன்று மடலாக, தொட்டால் மயிர் தெரியும், கம்பியைச் சுற்றி ஏறும். கைவிரல் விரித்தது போல ஐந்தாகப் பிரிந்த இலையோடு இளம் ஊதாப் பூப் பூப்பது இபோமியா கெய்ரிகா. இரண்டும் அழகுதான், இரண்டும் அடம்பன் அல்ல.

படி 7: படம்

முழுச் செடியும் பின்னால் கடலும் தெரிய ஒன்று. கொடியும் வேர்விட்ட கணுவும் ஒன்று. இலையின் மேற்பக்கம், அடிப்பக்கம். பூவை முன்னால் இருந்தும் பக்கவாட்டிலும். பக்கவாட்டுப் படத்தில்தான் பூவுக்கு அடியில் உள்ள பச்சைப் புல்லிகள் தெரியும், அதை யாரும் எடுப்பதில்லை. மொட்டு ஒன்று, கிடைத்தால் காய் ஒன்று. எல்லாவற்றிலும் அடிமட்டம். வெயில் ஏறிவிட்டால் உங்கள் நிழலை இலைமேல் விழவிட்டு எடுங்கள், வழவழப்பான இலை கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அடிக்கும்.

படி 8: பெயரைச் சரிபார்ப்பது

கரையில் இருக்கும் ஒருவரிடம் பெயர் கேளுங்கள். அடம்பன் என்பார்கள், சில ஊர்களில் அடப்பங்கொடி, ஆட்டுக்கால் கொடி. சிங்களத்தில் முஹுது பிம் தம்புரு. முஹுது என்றால் கடல், பிம் என்றால் நிலம். அறிவியல் பெயர் இபோமியா பெஸ்-கேப்ரே. 1753இல் லின்னேயஸ் இதை வேறொரு பேரினத்தில் வைத்தார், 1818இல் ராபர்ட் பிரவுன் இபோமியாவுக்கு மாற்றினார். பழைய புத்தகத்தில் இபோமியா பைலோபா என்று கண்டால் திகைக்காதீர்கள், அதுவும் இதுவேதான்.

கூகுள் லென்ஸ், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் இந்த இலையைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். பூவை மட்டும் கொடுத்தால் வத்தாளை, அடம்பன், இன்னும் நாலைந்து இபோமியா என்று வரிசையாக அடுக்கும். ஆகவே இலைப் படத்தை முதலில் கொடுங்கள்.

இனி அந்த அவமானக் கதை. என் இரண்டாவது பயணத்தில் நல்ல படங்கள் எடுத்தவன் நான் அல்ல, கூட வந்த மருமகன். ஊருக்கு வந்த பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது, எடுத்த இடத்தின் பதிவு கழன்றுவிடும். நான் அதை ஐநேச்சுரலிஸ்டில் போட்டு, இடம் கேட்டதும் இருக்கும் இடத்தையே அழுத்திவிட்டேன். வரைபடத்தில் ஹட்டன் நகரத்து நடுவில் ஒரு கடற்கரைக் கொடி முளைத்தது. யாரோ ஒரு நல்லவர், இது எந்தக் கடற்கரை என்று கேட்டு எழுதியிருந்தார். படத்தை எடுத்த தொலைபேசியிலிருந்தே பதிவேற்றுங்கள். முடியாவிட்டால் இடத்தைக் கையால் குறியுங்கள்.

உண்மையாகவே தீராத சந்தேகம் என்றால் பேராதனை நமக்குப் பக்கம். 1821இல் தொடங்கிய அந்தத் தாவரவியல் பூங்கா வளாகத்திலேயே தேசிய உலர்தாவரச் சேகரிப்பு இருக்கிறது. நல்ல படமும் ஒழுங்கான குறிப்பும் இருந்தால் கேட்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை.

படி 9: தாளில் ஒட்டி வைப்பது

பள்ளிக்கூட ஒப்படைக்கு ஒரு இலையும் ஒரு பூவும் போதும். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கே ஒரு இலைகூடக் கிள்ளக்கூடாது.

பூவைக் கடற்கரையிலேயே தாளுக்குள் வைத்துவிடுங்கள். வேனுக்குப் போகும் வரை வைத்திருந்தால் சுருண்டுவிடும். கிள்ளிய இடத்தில் பாலைத் துடைத்துவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் தாளோடு ஒட்டிக்கொள்ளும். இலை தடிப்பம் என்பதால் ஈரம் விடுவதற்கு நாளாகும். நம் ஊர் மூடுபனியில் அது இன்னும் மோசம். நான் முதலில் வைத்தது நாலாம் நாள் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப் போனது. தினமும் தாளை மாற்ற வேண்டும். மேலே பாரம் வைத்து, அடுப்புக்கு மேலே உள்ள பரணில், புகை நேராகப் படாத மூலையில் வைத்தால் நன்றாகக் காயும்.

காய்ந்ததும் தடித்த தாளில் ஒட்டி, கீழ் வலது மூலையில் குறிப்பு எழுத வேண்டும். குறிப்பில்லாத செடி குப்பைதான். அக்கா மகளோடு சேர்ந்து இரண்டாம் தடவை எழுதிய குறிப்பு இப்படி இருந்தது:

அடம்பன். இபோமியா பெஸ்-கேப்ரே. திருகோணமலை, உப்புவெளி. காலை 7.20. அலைக் கோட்டிலிருந்து 22 எட்டு, வெறும் மணல், பக்கத்தில் இராவணன் மீசை. தரையில் ஓடும் கொடி, கணுவில் வேர், பால் உண்டு. இலை 7 சென்ரிமீற்றர், நுனி பிளந்தது, மயிர் இல்லை. பூ 5 சென்ரிமீற்றர், ஊதா, தொண்டை கடும் ஊதா. காய்: தேட மறந்துவிட்டோம்.